கோடைக்கு இதமான பால் எலுமிச்சை சர்பத்: கசக்காமல், திரியாமல் வீட்டிலேயே செய்யும் முறை

கோடை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் அதிகம் புழங்குவது எலுமிச்சைதான். ளுஹர் தொழுதுவிட்டு வெயிலில் திரும்புகிறவருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தினருக்கும் முதலில் நீட்டப்படுவது ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு. உப்புப் போட்டது, சர்க்கரை போட்டது, நன்னாரி கலந்தது என்று அதில் பல வகைகள் உண்டு. அண்மைக் காலமாக அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து, நுரை பொங்க அடித்து, வெள்ளை வெளேரென்று கொடுக்கப்படும் பால் எலுமிச்சை சர்பத் அது.

குடித்தவர்கள் அதைப் புகழ்கிறார்கள். வீட்டில் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் குறை சொல்கிறார்கள். “முதல் மடக்கு நன்றாக இருந்தது, கடைசி மடக்கு கசந்துவிட்டது” என்பது ஒரு குறை. “பால் திரிந்துபோய்த் துகள் துகளாக நின்றது” என்பது இன்னொன்று.

இந்த இரண்டு குறைகளும் நமக்கும் நேர்ந்தவைதான். ஒரு பெருநாளுக்கு மறுநாள் உறவினர்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே நிறையச் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டோம். பகலில் வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தபோது ஒவ்வொருவரும் ஒரு மடக்கோடு டம்ளரைக் கீழே வைத்தார்கள். பெரியவாப்பா முறையுள்ள ஒருவர் மட்டும் நம் மனம் நோகக் கூடாது என்று முழுவதையும் குடித்து முடித்தார். அவர் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது நமக்குத் தெரியும். அந்த டம்ளரில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதுதான் தெரியாது. மிஞ்சியதை எல்லாம் கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டியதைவிட, அவரைக் குடிக்க வைத்ததுதான் நமக்கு அதிகம் உறுத்தியது.

அதன் பிறகு பலமுறை அளந்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

இந்தப் பானம் எங்கிருந்து வந்தது?

இது பிரேசில் நாட்டு வீடுகளிலும் உணவகங்களிலும் அன்றாடம் செய்யப்படும் பானம். அங்கே இதற்கு ‘லிமோனாடா சுயிசா’ என்று பெயர். ‘சுவிஸ் எலுமிச்சைச் சாறு’ என்பது அதன் பொருள். ஆனால் ஸ்விட்சர்லாந்தில் இப்படி ஒரு பானம் வழக்கத்தில் இல்லை. இதில் சேரும் கண்டென்ஸ்டு மில்க்கை வைத்தே அந்தப் பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸ்விட்சர்லாந்தின் காம் என்ற ஊரில் 1866ஆம் ஆண்டு ஆங்கிலோ சுவிஸ் என்ற நிறுவனம் கண்டென்ஸ்டு மில்க் தயாரிக்கத் தொடங்கியது. 1905இல் அது நெஸ்லேயுடன் இணைந்தது. 1921இல் நெஸ்லே பிரேசிலின் அராராஸ் நகரில் தொழிற்சாலை திறந்தது. அதன் பின் பிரேசில் நாட்டு இனிப்புகளில் கண்டென்ஸ்டு மில்க் நீங்காத இடம் பிடித்துவிட்டது. நம் கடைகளில் பலரும் பெயர் சொல்லிக் கேட்கும் மில்க்மெய்டும் அந்த வழியில் வந்ததே.

எலுமிச்சையின் பயணம் இதற்கு நேர்மாறானது. எலுமிச்சை வகைகள் ஆசியாவில் தோன்றியவை. அவற்றை மேற்கே கொண்டு சென்று பரப்பியதில் அரபுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘லைமூன்’ என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் இப்பழத்துக்கான பெயர்கள் பிறந்தன. குடித்தல் என்று பொருள்படும் ‘ஷரிப’ என்ற அரபு வினைச்சொல்லே நாம் சொல்லும் சர்பத்துக்கு வேர். 12ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் மருத்துவர்களில் ஒருவராக இருந்த இப்னு ஜுமைஉ என்ற யூத அறிஞர், எலுமிச்சையின் பயன்களைப் பற்றி அரபியில் தனி நூலே எழுதியிருக்கிறார். 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் எலுமிச்சை இனப் பழங்களின் விதைகளை அமெரிக்கப் பகுதிக்குக் கொண்டு சென்றார். ஆக, நம் பக்கத்திலிருந்து போன பழம் பால் சேர்ந்து நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பிரேசிலில் பயன்படுத்துவது ‘தாஹிதி’ எனப்படும் பெரிய பச்சை எலுமிச்சை. அதில் பெரும்பாலும் விதை இருக்காது. புளியங்குடி சந்தையிலிருந்து நம் ஊர்களுக்கு வருவது சிறிய நாட்டு எலுமிச்சை. புளிப்பும் மணமும் அதிகம், விதையும் அதிகம். அவர்களுடைய அளவை அப்படியே எடுத்து நம் பழத்தில் செய்தால் கசப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

தேவையான பொருட்கள் (4 டம்ளருக்கு)

நடுத்தர அளவு நாட்டு எலுமிச்சை - 4
நன்றாகக் குளிர்ந்த குடிநீர் - 700 மி.லி.
கண்டென்ஸ்டு மில்க் - 4 மேசைக்கரண்டி
சர்க்கரை - 2 மேசைக்கரண்டி
உப்பு - ஒரு சிட்டிகை
ஐஸ் கட்டிகள் - தேவைக்கு
புதினா இலை - விரும்பினால் நான்கைந்து

தண்ணீரை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. இந்தப் பானத்தில் குளிர்ச்சி என்பது சுவைக்காக மட்டும் அல்ல. பால் திரியாமல் இருப்பதற்கும் அது தேவை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

பழத்தைத் தேர்ந்தெடுப்பதும் கழுவுவதும்

தோல் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் உள்ள பழமே நல்லது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அப்படிக் கனத்தால் சாறு நிறைய இருக்கிறது என்று பொருள். சொரசொரப்பான தடித்த தோல் உள்ள பழத்தில் சாறு குறைவு, கசப்பு அதிகம். தோல் பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும் பருவம் இதற்குப் பொருத்தம்.

சாதாரணச் சாறு பிழியும்போது தோலை எறிந்துவிடுகிறோம். இதில் ஒரு பழத்தைத் தோலோடு அடிக்கப் போகிறோம். ஆகவே கழுவுவதில் அலட்சியம் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து, கல் உப்பைத் தோலில் தேய்த்து, ஓடும் நீரில் அலசித் துடைக்க வேண்டும். சோப்பு போடக் கூடாது.

செய்முறை

1. நான்கு பழங்களில் மூன்றைப் பிழிந்து, விதையில்லாமல் சாற்றை வடித்துத் தனியாக வைக்கவும்.

2. நான்காவது பழத்தின் இரு முனைகளையும் சீவி எறியவும். நீளவாக்கில் நான்காக வெட்டவும். ஒவ்வொரு துண்டிலும் நடுவே ஓடும் வெள்ளைத் தண்டையும் எல்லா விதைகளையும் கத்தி முனையால் எடுத்துவிடவும். ஒரு விதைகூட மிஞ்சக் கூடாது.

3. இந்த நான்கு துண்டுகளையும் சர்க்கரையையும் பாதித் தண்ணீரையும் மிக்ஸி ஜாரில் போடவும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல், ஒரு விநாடி ஓட்டி நிறுத்துவதாக மூன்று அல்லது நான்கு முறை மட்டும் ஓட்டவும். தோல் சிறு துண்டுகளாக உடைந்தால் போதும். நம் மிக்ஸி சட்னி அரைக்கும் வலிமை உள்ளது. கொஞ்சம் கூடுதலாக ஓடினாலும் தோல் விழுதாகிவிடும், பானமும் கெட்டுவிடும்.

4. உடனே நைசான வடிகட்டியில் வடிக்கவும். தானாக இறங்குவது போதும். கரண்டியால் சக்கையை அழுத்திப் பிழிய வேண்டாம்.

5. ஜாரை நீர் விட்டு அலசிவிட்டு, வடித்த நீர், பிழிந்து வைத்த சாறு, மீதித் தண்ணீர், உப்பு ஆகியவற்றை ஊற்றவும். கடைசியாகக் கண்டென்ஸ்டு மில்க்கை விட்டுப் பத்து விநாடி ஓட்டவும். மேலே நுரை கட்டும். புதினா சேர்ப்பதானால் இலையைக் கையால் கிள்ளி டம்ளரில் போடுங்கள். மிக்ஸியில் அடித்தால் நிறம் மங்கிவிடும்.

6. டம்ளரில் ஐஸ் போட்டு ஊற்றி, அப்போதே குடிக்கக் கொடுக்கவும்.

இந்த ஆறாவது படிதான் மற்ற ஐந்தையும்விட முக்கியம். செய்து வைத்துவிட்டு விருந்தினருக்காகக் காத்திருக்கக் கூடாது. விருந்தினர் வந்து அமர்ந்த பிறகுதான் மிக்ஸியை ஓட்ட வேண்டும். பழத்தை வெட்டி, விதை எடுத்து, சாறு பிழிந்து தயாராக வைத்திருந்தால் மீதி வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஏன் கசக்கிறது?

எலுமிச்சையின் மணம் தோலின் மேற்புறத்தில் உள்ள எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. தோலோடு அடிப்பது அந்த மணத்துக்காகத்தான். அதற்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும், நடுத்தண்டிலும், விதையிலும் கசப்பு இருக்கிறது. அந்தக் கசப்புக்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது லிமோனின்.

பழம் வெட்டப்படாமல் இருக்கும்போது லிமோனின் அதில் கசப்பற்ற இன்னொரு வடிவத்தில் இருக்கும். பழம் நசுங்கி, புளிப்புச் சாற்றோடு அது கலந்த பிறகு சிறிது சிறிதாகக் கசப்பான லிமோனினாக மாறும். இந்த மாற்றம் உடனே நடப்பதில்லை, நேரம் எடுத்துக்கொண்டு நடக்கிறது. செய்த உடனே ருசி பார்த்தவர் நன்றாக இருக்கிறது என்றும், சில மணி நேரம் கழித்துக் குடித்தவர் வேம்பாகக் கசக்கிறது என்றும் சொல்வது இதனால்தான். இருவர் சொன்னதும் உண்மையே. பெருநாளுக்கு மறுநாள் நம் வீட்டில் நடந்ததும் இதுவே.

ஆகவே, விதையையும் தண்டையும் நீக்குவது, குறைவாக அடிப்பது, உடனே வடிப்பது, அழுத்திப் பிழியாமல் இருப்பது, அரை மணி நேரத்துக்குள் குடித்துவிடுவது ஆகிய ஐந்தும் கசப்பைத் தடுக்கும் வழிகள். ஒரு சிட்டிகை உப்பு லேசான கசப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைக்கும். முழுக்கக் கசந்துவிட்ட பானத்தை எத்தனை சர்க்கரை போட்டாலும் மீட்க முடியாது. போடுகிற சர்க்கரைதான் உடம்பில் சேரும்.

தோலே வேண்டாம் என்று நினைப்பவர்கள் நான்கு பழங்களையும் பிழிந்து, ஒரு பழத்தின் மேல்தோலை மட்டும் காய்துருவியில் பச்சையாக உள்ளவரை லேசாகத் துருவிச் சேர்க்கலாம். மணமும் கிடைக்கும், கசப்பு பயமும் குறையும்.

ஏன் திரிகிறது?

பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. பாலில் புளிப்பு ஓர் அளவைத் தாண்டும்போது அந்தப் புரதம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிறது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பது இந்த முறையில்தான். சூடு கூடக் கூடக் கட்டி பெரிதாகவும் வேகமாகவும் விழும். சூடு இல்லாவிட்டால் மெதுவாக, மிகச் சிறிய துகள்களாக உருவாகும்.

அப்படியானால் எலுமிச்சையோடு பால் சேரும்போது திரியாமல் இருக்குமா? உண்மையைச் சொன்னால், இந்தப் பானத்திலும் பால் சிறிதளவு திரியத்தான் செய்கிறது. ஆனால் கண்டென்ஸ்டு மில்க் நீர் வற்றக் காய்ச்சி, நிறையச் சர்க்கரை சேர்த்த கெட்டிப் பால். குளிர்ந்த நிலையில் வேகமாக அடிக்கும்போது அதிலுள்ள புரதம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களாகப் பரவி நிற்கிறது. நாக்கில் நமக்குத் தெரியும் கெட்டியான வழவழப்பு அதிலிருந்து வருவதே. அதே இடத்தில் காய்ச்சிய சூடான பாலையோ, ஆறியும் ஆறாத பாலையோ ஊற்றினால் துகள் பெரிதாகி, நீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும், பால் கடைசியில் சேர வேண்டும், கரண்டியால் கலக்காமல் மிக்ஸியில் அடிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். லேசாகத் துகள் தெரிந்தால் இரண்டு ஐஸ் கட்டி போட்டு இன்னொரு முறை அடித்தால் சரியாகிவிடும். இப்படிப் புளிப்பால் திரிவது பால் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. புதிதாகச் செய்த பானம் சற்றுத் திரிந்திருந்தாலும் குடிக்கலாம்.

தேங்காய்ப்பால் முறை

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. குடித்தால் வயிறு உப்பும், அல்லது போகும். அவர்களுக்குக் கொலம்பியா நாட்டின் கடற்கரை ஊர்களில் செய்யும் ‘லிமோனாடா தே கோகோ’ என்ற தேங்காய் எலுமிச்சைப் பானம் ஏற்றது. நோன்புக் கஞ்சிக்கும் தேங்காய்ச் சோற்றுக்கும் தேங்காய்ப்பால் பிழிந்து பழகிய வீடுகளுக்கு இது கைவந்த வேலைதான்.

நடுத்தர மூடித் தேங்காய் ஒன்றைத் துருவி, முதல் பால் 200 மி.லி. எடுக்கவும். சூடாக்க வேண்டாம். மூன்று எலுமிச்சையின் சாறு, 500 மி.லி. குளிர்ந்த நீர், 4 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை ஐஸ் சேர்த்து நுரை வரும்வரை அடிக்கவும். இதில் எலுமிச்சைத் தோல் தேவையில்லை. தேங்காயின் மணமே போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காயின் கொழுப்பு ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஆகவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளைத் திட்டுகள் படியும். இதையும் அவ்வப்போது அடித்துக் குடிப்பதே முறை. கோடையில் தேங்காய்ப்பால் விரைவில் புளித்துக் கெடும் என்பதும் நாம் அறிந்ததே.

பால் பவுடர் முறை

எலுமிச்சைச் சாற்றில் பாலோ பால் பவுடரோ சேர்த்து அடிப்பது எகிப்திய வீடுகளில் உள்ள பழக்கம். வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் பால் பவுடர் டின் இல்லாமல் இருக்காது என்பதால் இது நமக்கும் எளிது. 4 மேசைக்கரண்டி பவுடரை அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, நன்றாகக் குளிர வைக்கவும். நான்கு எலுமிச்சையின் சாறு, 600 மி.லி. குளிர்ந்த நீர், 4 மேசைக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றோடு கடைசியில் சேர்த்து அடிக்கவும். கண்டென்ஸ்டு மில்க் அளவுக்கு இதில் கெட்டித் தன்மை வராது, துகளும் சற்று விரைவாகத் தெரியும். அடித்ததும் குடித்துவிட வேண்டும்.

ஒரு டம்ளரில் எவ்வளவு சர்க்கரை?

எலுமிச்சை புளிப்பதால் அதில் போடும் சர்க்கரை நாக்குக்கு முழுமையாகத் தெரிவதில்லை. பால் சேர்ந்தால் இன்னும் தெரியாது. ஆகவே கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க் சுமார் 20 கிராம். பாலின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்து அதில் ஏறத்தாழ 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. நான்கு கரண்டிக்கு 44 கிராம். தனியாகப் போடும் 2 மேசைக்கரண்டி சர்க்கரை 25 கிராம். மொத்தம் 69 கிராமை நான்கு டம்ளருக்குப் பிரித்தால், ஒரு டம்ளருக்குச் சுமார் 17 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் நான்கு.

பெருநாளுக்கு மறுநாள் நாம் போட்டதையும் பின்னர் கணக்குப் பார்த்தோம். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் டின் முழுவதையும் கவிழ்த்து, அதற்கு மேல் ஒரு கப் சர்க்கரையும் போட்டிருந்தோம். பன்னிரண்டு டம்ளர் வந்தது. ஒரு டம்ளருக்கு 35 கிராம், அதாவது எட்டு தேக்கரண்டிக்கும் மேல். ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. ஆரோக்கியமானவருக்கே அந்த ஒரு டம்ளர் கூடுதல். நீரிழிவு உள்ள ஒரு பெரியவருக்கு அதைத்தான் உபசரிப்பு என்று நினைத்துக் கொடுத்திருக்கிறோம்.

சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் போட்டால் நீரிழிவுக்காரர் குடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அது சரியல்ல. அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவையே.

யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது?

ஆரோக்கியமான பெரியவர்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளும் எப்போதாவது ஒரு சிறிய டம்ளர் குடிப்பதில் தவறில்லை. அன்றாடம் தாகத்துக்குக் குடிக்க இது ஏற்றதல்ல. தாகத்துக்குத் தண்ணீரும், உப்புப் போட்ட எலுமிச்சை நீரும், நீர்மோரும் இருக்கின்றன.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைத் தவிர்ப்பதே நல்லது. நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குப் புளிப்பு தொல்லை தரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பல் கூச்சம் உள்ளவர்கள் குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். உடனே பல் துலக்கக் கூடாது. புளிப்பால் இளகிய பல்லின் மேற்பூச்சு அப்போது தேயும்.

வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கோ, வெயிலில் வாடி வந்து வாந்தி எடுப்பவருக்கோ இதைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அது கைவசம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெயில் தாக்கி நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும்.

கை, பாத்திரம், ஐஸ்

எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் தோலில் பட்ட நிலையில் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து, கொப்பளித்து, கருந்தழும்பாக மாறக்கூடும். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வெயிலில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பழம் பிழியச் சொல்லக் கூடாது. பிழிந்தவர்கள் சோப்பு போட்டுக் கைகழுவிய பிறகே வெளியே போக வேண்டும். விசேஷ வீடுகளில் நூற்றுக்கணக்கில் பழம் பிழிகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

புளிப்புப் பானத்தை அலுமினியம், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் கலக்கவோ வைக்கவோ கூடாது. எவர்சில்வரும் கண்ணாடியும் பாதுகாப்பானவை.

ஐஸ் வீட்டில் குடிநீரில் உறைய வைத்ததாக இருக்கட்டும். மீனுக்குப் போடும் பார் ஐஸ் குடிப்பதற்காகச் செய்யப்படுவதல்ல. கூட்டம் அதிகம் என்று அதை உடைத்துப் போட்டுவிடக் கூடாது.

மிச்சமாகாமல் இருக்க

கலந்த பானத்தைச் சேமிக்க முடியாது. ஆனால் சாற்றைச் சேமிக்கலாம். கோடை முற்றும்போது எலுமிச்சை விலை ஏறிவிடுகிறது. மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் பிழிந்து, விதை இல்லாமல் வடித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் பயன்படும். தோலை அன்றே உப்பிட்டு ஊறுகாய்க்குப் போட்டுவிடலாம். திறந்த கண்டென்ஸ்டு மில்க்கை டின்னிலேயே விடாமல் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். வந்திருப்பவர்களை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடித்தால் கொட்டவும் நேராது.

நிறைவாக

விருந்தினருக்கு நம்மிடம் உள்ளதில் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்பது நாம் பிள்ளைப் பருவத்திலேயே கற்றது. நல்லது எது என்பது விருந்தினருக்கு விருந்தினர் மாறும். வீட்டுக்காரர் நீட்டியதை மறுக்கக் கூடாது என்ற கூச்சத்தில், தமக்கு ஆகாததையும் குடித்துவிட்டுப் போகும் பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கூச்சத்தை அவர்களுக்கு வைக்காமல் இருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. “இதில் நான்கு கரண்டி சர்க்கரை இருக்கிறது, உங்களுக்கு உப்புப் போட்டுத் தரட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஒருவர் கேட்டு மறுத்தால் “ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது” என்று வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும்.

அந்தப் பெரியவாப்பா அடுத்த கோடையில் மீண்டும் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்குப் பால் எலுமிச்சை சர்பத் அடித்தோம். அவருக்குப் புதினா கிள்ளிப் போட்டு, உப்பிட்ட எலுமிச்சை நீரைக் கொடுத்தோம். பிஸ்மில்லாஹ் சொல்லி, உட்கார்ந்து, நிதானமாகக் குடித்து முடித்தவர், “இன்னொரு டம்ளர் இருக்கிறதா?” என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், இருந்தது.